இடப்பக்கத்துச் சிரை

மனித உடல் வெளியிலிருந்து பார்க்க இரண்டு சமபாதிகளாகத் தோன்றினாலும் உள்ளே அப்படி அமைந்திருக்கவில்லை. இதயம் இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, கல்லீரல் வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது என்பதெல்லாம் பள்ளிக்கூடத்திலேயே படித்தவை. அதிகம் பேசப்படாத இன்னொரு சமனின்மை உண்டு. வலது விரையிலிருந்து மேலேறும் சிரை, வயிற்றின் பின்சுவரை ஒட்டிச் செல்லும் கீழ்ப்பெருஞ்சிரையில் சாய்வாகச் சென்று கலக்கிறது, ஓடை ஆற்றில் கலப்பதைப்போல. இடது விரையின் சிரையோ இன்னும் உயரம் ஏறி, இடது சிறுநீரகத்திலிருந்து வரும் சிரையில் ஏறக்குறையச் செங்கோணமாகப் போய் முட்டுகிறது. அந்தச் சிறுநீரகச் சிரையும் இரண்டு தமனிகளுக்கு இடையே நெருக்குண்டுதான் மறுபுறம் போகவேண்டும். நின்றுகொண்டிருக்கும் மனிதனுக்குள் இரத்தம் இத்தனை உயரம் ஏறியாகவேண்டும். ஏறியதைக் கீழிறங்காமல் பிடித்துவைக்கும் வால்வுகள் பழுதுபட்டாலோ, பிறவியிலேயே இல்லாமற்போனாலோ இரத்தம் பின்வாங்கி விரைப்பைக்குள் தேங்குகிறது. அங்குள்ள சிரைப்பின்னல் பருத்து முறுக்கிக்கொள்கிறது. மருத்துவர்கள் இதை வேரிகோசீல் என்கிறார்கள். பெரும்பாலும் இடப்பக்கத்திலேயே வருவதற்கு இந்த வடிகால் அமைப்பு ஒரு முக்கியமான காரணம்.

ஆண்களில் ஏறத்தாழ நூற்றுக்கு 15 பேருக்கு இது இருக்கிறது. மகப்பேறின்மைக்காக மருத்துவரிடம் செல்லும் ஆண்களை மட்டும் கணக்கிட்டால் மூன்றில் ஒருவருக்கு மேல். இவ்வளவு பரவலான ஒன்றைச் சுட்ட நமக்குப் புழக்கத்தில் ஒரு சொல் இல்லை. கலைச்சொல் அகராதிகளில் விரைச்சிரை வீக்கம் என்று தேடி எடுக்கலாம். ஆனால் எந்த வீட்டிலும் அந்தச் சொல்லை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விரையில் நீர் கோத்துக்கொள்வதற்கு ஓதம் என்ற சொல் இருந்தது, குடலிறக்கத்துக்குச் சொல் இருந்தது, அண்டவாதம் என்று பலவற்றையும் ஒன்றாகச் சுருட்டி வைக்கும் சொல்லும் இருந்தது. காலில் சிரை புடைத்தால் நரம்பு சுருட்டிக்கொண்டது என்று சொல்ல நமக்குத் தயக்கமில்லை. நாள்முழுக்க நின்று வேலை செய்யும் துணிக்கடைப் பெண்களின் கால்கள் குறித்துப் பேசிப் பேசியே, கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டுமென்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தது. அதே சிரை, அதே புவியீர்ப்பு, அதே வால்வுக் கோளாறு. ஒன்றரை அடி மேலே நிகழ்ந்தால் மட்டும் அது பேசக்கூடாத ஒன்றாகிவிடுகிறது.

பேசாதிருப்பதால் ஒரு சிக்கல் உண்டு. நாம் சிரையையும் நரம்பு என்கிறோம், மூளையின் ஆணையைக் கொண்டுசெல்லும் நரம்பையும் நரம்பு என்கிறோம். பேருந்து நிலையச் சுவர்களில் நரம்புத் தளர்ச்சி என்ற சொல் எதனோடு சேர்த்து எழுதப்பட்டிருக்கும் என்பதை வாசகர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஆகவே, விரைப்பையில் நரம்பு புடைத்திருக்கிறது என்று கேள்விப்படும் இளைஞனின் மனம் எந்தச் சுவரொட்டியில் போய் நிற்கும் என்பதையும் ஊகிக்கலாம். மாதத்தில் இரண்டு தேதிகளில் ஊருக்கு வந்து விடுதி அறையில் தங்கிச் செல்லும் பரம்பரை வைத்தியர்களின் தொழில் பல பத்தாண்டுகளாக இந்த ஒற்றைச் சொற்குழப்பத்தின் மீதும் நடந்துவந்திருக்கிறது.

*

எனக்கு இது இருப்பது 35ஆம் வயதில் தெரியவந்தது. திருமணமாகி ஐந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. உறவினர் வீட்டு விசேஷங்களுக்குப் போனால் எங்களிடம் ஏதும் விசேஷம் உண்டா என்று கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பெரும்பாலும் என் மனைவியிடம்தான் கேட்பார்கள். நாங்கள் சென்ற பெண் மருத்துவர், இருவருக்கும் ஒரே சீட்டில் பரிசோதனைகளை எழுதினார். இது எவ்வளவு அரிய செயல் என்பது அப்போது தெரியவில்லை. அரைமணி நேரத்தில் முடியக்கூடிய ஆணின் பரிசோதனையைக் கடைசிக்குத் தள்ளிவைத்துவிட்டு, பெண்ணை ஆண்டுக்கணக்கில் ஸ்கேன், மாத்திரை, ஊசி என்று அலைக்கழித்த கதைகளைப் பின்னர் நண்பர்களிடமிருந்து நிறையக் கேட்டேன்.

விந்தணுக்கள் ஒரு மில்லிலிட்டருக்கு 70 லட்சம் இருந்தன. உலக சுகாதார நிறுவனம் 2021இல் வெளியிட்ட கையேடு 1 கோடியே 60 லட்சத்தை அடிக்கோடாக வைக்கிறது. சிறுநீரகவியல் மருத்துவரிடம் அனுப்பினார்கள். அவர் என்னை நிற்கவைத்து, மூச்சைப் பிடித்து முக்கச் சொல்லி, கையால் தொட்டுப் பார்த்தார். மண்புழுக்கள் நிறைந்த பையைத் தொடுவது போலிருக்கும் என்று மருத்துவப் பாடநூல்கள் சொல்கின்றனவாம். முக்கும்போது மட்டும் கைக்குத் தட்டுப்பட்டால் முதல் நிலை. சும்மா நிற்கும்போதே தட்டுப்பட்டால் இரண்டாம் நிலை. தொடாமலேயே கண்ணுக்குத் தெரிந்தால் மூன்றாம் நிலை. எனக்கு இரண்டு. படுத்தாலும் வடியாத வீக்கம், வலப்பக்கத்தில் மட்டும் வரும் வீக்கம், நடுவயதில் திடீரென்று தோன்றும் வீக்கம் ஆகியவை இருந்தால் வயிற்றுக்குள், குறிப்பாகச் சிறுநீரகத்தில், ஏதேனும் கட்டி அழுத்துகிறதா என்று பார்க்கவேண்டும். எனக்கு அப்படியொன்றும் இல்லை. அவர் இரத்தத்தில் டெஸ்டோஸ்டீரோன் அளவையும் பார்க்கச் சொன்னார்.

அலுவலகத்தில் மதிய உணவை முடித்துக்கொண்டு மூன்று மணிக்குப் போய் இரத்தம் கொடுத்தேன். டெசிலிட்டருக்கு 261 நானோகிராம் என்று வந்தது. பக்கத்தில் ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி. வாழ்க்கையில் வேறெந்த எண்ணையும் அவ்வளவு நேரம் நான் பார்த்துக்கொண்டிருந்ததில்லை.

*

அந்த எண் எதை அளக்கிறது என்று தெரிந்துகொள்ளச் சில மாதங்கள் படித்தேன். படித்தவற்றில் பாதி வரலாறு.

வரலாறு சேவலிலிருந்து தொடங்குகிறது. 1849இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் பெர்த்தோல்ட் என்ற ஆய்வாளர் ஆறு சேவல் குஞ்சுகளை எடுத்துக்கொண்டார். விரை நீக்கப்பட்டவை கொண்டை சிறுத்து, கூவாமல், சண்டைக்குப் போகாமல் வளர்ந்தன. நீக்கிய விரையை வயிற்றுக்குள் வேறோரிடத்தில் ஒட்டி வைத்தபோது, அவை முழுச் சேவல்களாகவே வளர்ந்தன. பழைய நரம்பிணைப்பு அறுபட்ட பின்னும் இது நடந்ததால், விரையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தின் வழியே உடல் முழுக்கச் செல்கிறது என்பது தெரிந்தது. காளைக்குக் காயடித்து எருதாக்கிய நம் உழவர்கள் இதன் பாதியை நெடுங்காலமாகவே அறிந்திருந்தார்கள். அந்த ஏதோ ஒன்று இரத்தத்தில் ஓடும் பொருள் என்பதுதான் பெர்த்தோல்ட் சேர்த்த மீதிப் பாதி. அடுத்த ஆண்டு, 1850இல், லேடிக் என்பவர் விரையின் நுண்குழாய்களுக்கு இடையே கிடக்கும் ஒருவகைச் செல்களை விவரித்தார். அவைதான் அப்பொருளைச் சுரப்பவை என்பது பின்னால்தான் தெளிவாயிற்று. 1931இல் புட்டனாண்ட், பெர்லின் காவலர்களிடமிருந்து திரட்டிய 15,000 லிட்டர் சிறுநீரைக் காய்ச்சி வடித்து 15 மில்லிகிராம் ஆண்ட்ரோஸ்டீரோனைப் பிரித்தார். 1935இல் ஆம்ஸ்டர்டாமில் லாக்கூரின் குழுவினர் காளைகளின் விரைகளிலிருந்து டெஸ்டோஸ்டீரோனையே பிரித்தெடுத்துப் பெயரும் இட்டார்கள். அதே ஆண்டில் வேறு ஆய்வாளர்கள் ஆய்வுக்கூடத்தில் அதைச் செயற்கையாக உருவாக்கவும் செய்தார்கள்.

இந்தப் பொருள் உடலில் இருக்கும் அளவு நம் கற்பனைக்கு எட்டாதது. டெசிலிட்டருக்கு 400 நானோகிராம் என்று வைத்துக்கொண்டால், ஓர் ஆணின் மூன்று லிட்டர் இரத்த நீர்மத்தில் ஒரு நேரத்தில் மிதப்பது சுமார் 12 மைக்ரோகிராம். தூள் உப்பின் ஒரே ஒரு துகளுடைய எடைக்கும் குறைவு. மீசை, குரல், எலும்பு, தசை, இச்சை எல்லாவற்றுக்கும் இந்தத் துகள்தான் பதில் சொல்லவேண்டியிருக்கிறது. சுவரொட்டிகள் அதன்மீது வீரத்தையும் மானத்தையும்கூட ஏற்றிவைத்திருக்கின்றன.

வேரிகோசீலின் வரலாறு இதைவிடப் பழையது. முதலாம் நூற்றாண்டு ரோமாபுரியில் வாழ்ந்த செல்சஸ், சிரைகள் வீங்கி முறுக்கேறிய பக்கத்தில் உள்ள விரை ஊட்டம் குன்றி மற்றதைவிடச் சிறுத்துவிடுகிறது என்று எழுதி வைத்திருக்கிறார். ஆயினும் அதற்கும் மகப்பேறின்மைக்கும் உள்ள தொடர்பு பெரிதாகக் கவனிக்கப்பட்டது 1950களில்தான். எடின்பரோவில் டல்லக் என்ற அறுவை மருத்துவர், விந்தணுவே இல்லாதிருந்த ஒருவருக்கு இருபக்கச் சிரைகளையும் கட்டிவிட, பின்னர் அவருக்குக் குழந்தை பிறந்தது.

தேங்கிய இரத்தம் விரைக்கு எப்படித் தீங்கு செய்கிறது? உடலின் சூட்டைவிட இரண்டு முதல் நான்கு டிகிரி குறைவான சூட்டில்தான் விந்தணுக்கள் செம்மையாக உருவாகும். விரை உடலுக்கு வெளியே தொங்குவது இதற்காகவே. மேலிருந்து இறங்கும் சூடான தமனியைச் சுற்றிக் குளிர்ந்த சிரைப்பின்னல் படர்ந்திருக்கிறது. இறங்கும் இரத்தத்தின் சூட்டை ஏறும் இரத்தம் வாங்கிக்கொள்கிறது. பின்னலில் இரத்தம் தேங்கினால் இந்தக் குளிரூட்டல் கெட்டுவிடும். சூடு ஏறுவதோடு ஆக்சிஜனேற்ற அழுத்தமும் கூடுகிறது, செல்கள் பழுதாகின்றன. விந்தணுவை உருவாக்கும் நுண்குழாய்களுக்கு இடையேயுள்ள சந்துகளில்தான் லேடிக் செல்களும் இருக்கின்றன. அறை சூடானால் இருவருக்கும்தான் சூடு. டெஸ்டோஸ்டீரோன் பேச்சு இங்கேதான் நுழைகிறது.

*

அது உண்மையிலேயே குறைகிறதா என்ற கேள்விக்கு ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை சொல்ல முடியாது. ஆய்வுகளை அடுக்கிப் பார்த்தால் ஒருவகை மங்கலான சித்திரம் கிடைக்கிறது.

உலக சுகாதார நிறுவனம் மகப்பேறின்மை மையங்களுக்கு வந்த 9,034 ஆண்களைப் பரிசோதித்து 1992இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. வேரிகோசீல் உள்ளவர்களில் 30 வயதைக் கடந்தோரின் டெஸ்டோஸ்டீரோன், அதே கோளாறுள்ள இளையோரைவிடக் குறைவாக இருந்தது. வேரிகோசீல் இல்லாதோரிடம் அந்த இறக்கம் தென்படவில்லை. பாதிப்பு மெல்ல மெல்ல, ஆண்டுக்கணக்கில் நிகழ்கிறது என்பதற்கான குறிப்பு இது. 1995இல் நியூயார்க்கில், மகப்பேறின்மையுள்ள 53 பேருக்கு அறுவைக்கு முன் சராசரி 319 ஆகவும் பின் 409 ஆகவும் இருந்ததாக எழுதினார்கள். 2011இல் வந்த பெரிய ஆய்வொன்றில் வேரிகோசீல் உள்ளோரின் சராசரி 416, ஒப்பீட்டுக் குழுவின் சராசரி 469. அறுவைக்குப் பின் சுமார் 70 விழுக்காட்டினருக்கு அளவு கூடியிருந்தது. 2012இல் ஒன்பது ஆய்வுகளை, மொத்தம் 814 பேரை, ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டவர்கள் அறுவைக்குப் பின் சராசரியாக 97 நானோகிராம் உயர்வு என்றார்கள். தொடக்கத்தில் குறைவாக இருந்தவர்களுக்கே இந்த உயர்வு மிகுதி. இயல்பான அளவுள்ளவர்களுக்குப் பெரிய மாற்றமில்லை.

இதை மட்டும் படித்தால் வழக்கு முடிந்தது என்று தோன்றும். ஆனால் 2016இல் ஐரோப்பாவின் ஆறு நாடுகளில், எந்த நோய்க்காகவும் மருத்துவமனைக்கு வராத 7,035 இளைஞர்களைப் பரிசோதித்தார்கள். அவர்களில் 15.7 விழுக்காட்டினருக்கு வேரிகோசீல். அவர்களின் விந்தணுக்கள் குறைந்திருந்தன. மூளையடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி விரையைத் தூண்டும் ஹார்மோன்களைக் கூடுதலாக அனுப்பிக்கொண்டிருந்தது. டெஸ்டோஸ்டீரோன் மட்டும் குறையவில்லை.

இவ்விரண்டும் முரண் அல்ல என்றே எனக்குத் தோன்றுகிறது. இளமையில் லேடிக் செல்கள் சற்றுச் சோர்ந்தாலும் மேலிருந்து தூண்டுதல் கூடி அளவைச் சரிக்கட்டிவிடுகிறது. சோர்ந்த மாட்டை ஒரு தட்டு தட்டி ஏரை ஓட்டிவிடுவதுபோல. சிலருக்கு ஆயுள் முழுக்க அது போதுமானதாயிருக்கிறது. வேரிகோசீல் உள்ள ஆண்களில் பெரும்பாலோர் எந்தச் சிக்கலுமின்றிக் குழந்தை பெற்று, அப்படியொன்று தமக்கு இருப்பதே தெரியாமல் முதுமையடைகிறார்கள். சிலருக்கு மட்டும் வயதும் உடற்பருமனும் தூக்கமின்மையும் சேரும்போது சரிக்கட்டல் தோற்கிறது. எவருக்குத் தோற்கும் என்பதை முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை இல்லை.

அறுவையால் அளவு கூடியது என்று சொல்லும் ஆய்வுகளில் பெரும்பாலானவை அதே ஆண்களை முன்னும் பின்னும் அளந்தவை என்பதையும் கவனிக்கவேண்டும். மிகக் குறைவாக வந்த ஓர் எண்ணை மறுபடி அளந்தால், ஒன்றும் செய்யாமலேயே அது கொஞ்சம் உயர்ந்து வருவது வழக்கம். ஆகவேதான், டெஸ்டோஸ்டீரோன் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக இந்த அறுவையைச் செய்வதை வழிகாட்டு நெறிகள் வழக்கமான சிகிச்சையாக ஏற்கவில்லை. கைக்குத் தட்டுப்படும் வேரிகோசீல், குறைவுபட்ட விந்தணு, குழந்தைக்கான விருப்பம் மூன்றும் சேரும்போதுதான் பரிந்துரைக்கிறார்கள். ஸ்கேனில் மட்டும் தெரிகிற சிறு வீக்கத்துக்கு அறுவை வேண்டாம் என்றும் சொல்கிறார்கள்.

*

என் எண்ணுக்குத் திரும்புகிறேன். 261 என்ற தாளைப் பார்த்த ஒரு மருத்துவ மையத்தில், டெஸ்டோஸ்டீரோன் ஊசி போட்டுக்கொண்டால் மூன்றே மாதத்தில் புது மனிதராகிவிடலாம் என்றார்கள். தவணைமுறையும் இருந்தது. எங்கள் சிறுநீரகவியல் மருத்துவரிடம் இதைச் சொன்னேன். ஓய்வுபெறும் வயதிலிருந்தவர், நிதானமாகப் பேசுபவர்.

"தம்பி, உங்க வீட்டு மாடியில தண்ணித்தொட்டி இருக்கா? அதுல மிதவை இருக்குமே, தொட்டி நிறைஞ்சா மோட்டாரை நிறுத்துறது?"

"இருக்குங்க டாக்டர்."

"லாரித் தண்ணி வாங்கித் தொட்டியில ஊத்துறீங்க. மிதவை மேல வந்துடும். மோட்டார் நின்னுடும். குழாயில தண்ணி நல்லா வரும். ஆனா உங்க கிணத்து மோட்டார் ஓடவே ஓடாது. துருப்பிடிச்சுப் போகும். உங்களுக்கு வேணும்கிறது குழாய்த் தண்ணியா, மோட்டார் ஓடுறதா?"

வெளியிலிருந்து டெஸ்டோஸ்டீரோன் வந்தால் பிட்யூட்டரி தன் தூண்டுதலை நிறுத்திவிடும். விரைக்குள் இருக்கும் டெஸ்டோஸ்டீரோன் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு அடர்த்தியானது. விந்தணு உருவாக அந்த அடர்த்தி வேண்டும். ஊசி போட்டால் இரத்தத்தில் எண் உயரும், விரைக்குள் வற்றிவிடும். குழந்தை வேண்டி வந்தவனுக்கு ஆண்மை ஊசி என்று கொடுக்கப்படுவது, உண்மையில் கருத்தடை மருந்தைப் போலவே வேலை செய்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களில் கைமாறும் ஊசிகளும் இவ்வகையே. இதைப் பெரிய எழுத்தில் எழுதி அந்தக் கூடங்களின் சுவர்களில் ஒட்டவேண்டும் என்று நினைத்துக்கொள்வேன்.

அவர் இன்னொன்றும் செய்தார். பரிசோதனையைக் காலை எட்டு மணிக்கு, வெறும் வயிற்றில், நல்ல தூக்கத்துக்குப் பின், இரண்டு வெவ்வேறு நாட்களில் மறுபடி எடுக்கச் சொன்னார். டெஸ்டோஸ்டீரோன் அதிகாலையில் உயர்ந்து பிற்பகலில் இறங்கும் இயல்புடையது. 309 என்றும் 322 என்றும் வந்தன. அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் 2018இல் வகுத்த நெறி, இரண்டு காலை அளவுகளும் 300க்குக் கீழே இருந்து, அறிகுறிகளும் சேர்ந்திருந்தால்தான் குறைபாடு என்கிறது. ஆக, ஒன்பது நானோகிராம் வித்தியாசத்தில் நான் கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றேன். மூன்று மணிக்கு எடுத்த இரத்தத்தை நம்பியிருந்தால் அந்தப் பக்கம்.

விந்தணுக் குறைவுக்காக அறுவைக்கு ஒப்புக்கொண்டோம். அடிவயிற்றுக்குக் கீழே ஒரு சிறு கீறல். நுண்ணோக்கியின் உதவியால் தமனியையும் நிணநீர் நாளங்களையும் விட்டுவிட்டு, பருத்த சிரைகளை ஒவ்வொன்றாகத் தேடிக் கட்டுகிறார்கள். நிணநீர் நாளத்தைச் சேர்த்துக் கட்டிவிட்டால் பின்னால் ஓதம் வரும். மறுநாள் வீட்டுக்கு வந்தேன். விந்தணு உருவாகி முதிர ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும் என்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை.

ஆறாவது மாதத்தில் விந்தணுக்கள் 1 கோடியே 90 லட்சம். காலை நேர டெஸ்டோஸ்டீரோன் 388. அறிக்கையை மனைவியிடம் நீட்டினேன். அவள் சிறிது நேரம் பார்த்துவிட்டு, "இது எத்தனைக்குங்க? ஆயிரத்துக்கா?" என்று கேட்டாள். மதிப்பெண் பட்டியலைப் பார்க்கும் அதே குரல். இருவரும் வெகுநேரம் சிரித்தோம்.

அந்த ஆறு மாதத்தில் நான் நாள்தோறும் நடந்திருக்கிறேன், ஐந்து கிலோ எடை குறைத்திருக்கிறேன், இரவு வேலையை விட்டிருக்கிறேன். ஆகவே அந்த உயர்வில் எவ்வளவு அறுவையினுடையது, எவ்வளவு நடையினுடையது, எவ்வளவு தற்செயல் என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓராண்டு கழித்து எடுத்தபோது 346. உடலில் எந்த வேறுபாட்டையும் நான் உணரவில்லை.

குழந்தை பிறக்கவில்லை. அதன்பின் வேறு சிகிச்சைகளும் செய்துபார்த்தோம், பிறகு நிறுத்திக்கொண்டோம். நிறுத்தலாம் என்று முதலில் சொன்னவள் அவள்தான். சொன்ன அன்றிரவு இருவரும் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் வழக்கம்போல் எழுந்து வேலைக்குப் போனோம்.

*

இவ்வளவையும் கடந்து வந்தபின், ஆண்மை என்ற சொல்லின்மீது எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. நாம் அந்த ஒரே சொல்லுக்குள் மூன்று தனித்தனிச் செய்திகளை அடைத்துவைத்திருக்கிறோம். உறவுகொள்ளும் திறன் ஒன்று. குழந்தை பெறும் திறன் இன்னொன்று. இரத்தத்தில் ஓடும் ஹார்மோன் அளவு மூன்றாவது. முதலாவது நன்றாயிருந்து இரண்டாவது இல்லாதவர்கள் எண்ணற்றோர். மூன்றாவது கோட்டுக்குக் கீழே இருந்தும் முதலிரண்டில் குறையில்லாதவர்கள் உண்டு. எனக்கு மூன்றாவது உயர்ந்தது, இரண்டாவதன் எண்ணிக்கையும் உயர்ந்தது, குழந்தை மட்டும் வரவில்லை. வேரிகோசீல் பெரும்பாலும் இரண்டாவதைத் தொடுகிறது. சிலரிடம் மூன்றாவதைத் தொடுகிறது. முதலாவதை நேரடியாகத் தொடுவது அரிது. ஆனால் குறைவு என்ற விகுதியை ஒட்டியவுடன் மூன்றும் ஒன்றாகச் சரிந்துவிடுகின்றன.

பழந்தமிழில் அந்தச் சொல் இவ்வளவு ஒடுங்கியதாக இல்லை. ஆளுந்தன்மை என்ற பொருளும் அதற்குண்டு. தாளாண்மை முயற்சியைக் குறித்தது, வேளாண்மை பிறர்க்கு உதவுவதைக் குறித்தது. வள்ளுவர் பேராண்மை என்ற சொல்லை எடுத்து, அடுத்தவன் மனைவியை நோக்காத மனவுறுதிக்குச் சூட்டினார். அந்தச் சொல்லைச் சுவரொட்டிக்காரர்களிடம் எப்போது பறிகொடுத்தோம் என்று மொழி வரலாறு அறிந்தவர்கள் யாரேனும் எழுதினால் நன்றாக இருக்கும்.

இதையெல்லாம் எழுதத் தூண்டியவன் என் அக்கா மகன். 19 வயது. சிறுவயதிலிருந்தே இராணுவக் கனவு. அக்னிவீர் ஆள்சேர்ப்பில் ஓட்டம், தேர்வு எல்லாவற்றிலும் தேறி, மருத்துவப் பரிசோதனையில் தற்காலிகத் தகுதியின்மை என்று திருப்பி அனுப்பப்பட்டிருந்தான். அதற்கான காரணங்களில் வேரிகோசீலும் ஒன்று. ஆண்டுதோறும் பல இளைஞர்களுக்கு இப்படியொன்று தமக்கிருப்பது முதன்முதலாகத் தெரியவருவது அந்த வரிசையில் நிற்கும்போதுதான். அறுவை செய்துகொண்டு மறுபரிசோதனைக்கு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். எனக்கு மருத்துவமாக இருந்தது அவனுக்கு வேலைக்கான நுழைவுச்சீட்டாக இருந்தது. அதே சிரைதான். பெர்லின் காவலர்களின் சிறுநீரில் தொடங்கிய கதை, இந்த வரிசையில் நிற்கும் பையன்கள் வரை வந்து சேர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றியது.

இரவு பத்து மணிக்கு மொட்டைமாடியிலிருந்து பேசினான். "மாமா, அம்மாகிட்ட சொல்லிடாதீங்க. ரத்தம் கம்மின்னு சொல்லி வச்சிருக்கேன்."

"சொல்லலைடா. வலி ஏதும் இருக்கா?"

"இல்ல மாமா. ஓடும்போதுகூட இல்ல." சற்று நேரம் பேசாதிருந்துவிட்டுக் கேட்டான். "நாளைக்குக் கல்யாணம் கில்யாணம் ஆனா..."

அவன் முடிக்கவில்லை. நான் மேலே எழுதியவற்றில் அவனுக்கு வேண்டியதை மட்டும் சொன்னேன். நூற்றுக்கு 15 பேருக்கு இருக்கிறது, உன்னோடு அந்த வரிசையில் நின்றவர்களில் பலருக்கும் இருந்திருக்கும். பருவமடையும் வயதில் தொடங்குவது இது, நீ செய்த எதனாலும் வந்ததல்ல. இரண்டு விரைகளும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கின்றனவா என்று ஸ்கேனில் பார்ப்பார்கள். வேலைக்காக அறுவை செய்துகொள்வதென்றால் நுண்ணோக்கி வைத்துச் செய்கிற இடமாகப் பார்ப்போம், நானும் கூட வருகிறேன். யாராவது ஊசி போட்டுக்கொள் என்றால் எனக்குப் போன் செய். அவன் கேட்காமல் விட்ட கேள்விக்கு, அதற்கும் இதற்கும் தொடர்பில்லை என்றேன். என்னையே உதாரணமாகச் சொன்னேன், குழந்தை வராததையும் சேர்த்து. எங்கள் குடும்பத்தில் அவனுக்கு அதுவரை யாரும் அதை நேராகச் சொன்னதில்லை.

"இதுக்குத் தமிழ்ல பேரு இருக்கா மாமா? அம்மாவுக்குச் சொல்றதுன்னா என்னன்னு சொல்றது?"

விரைச்சிரை வீக்கம் என்றேன். ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்துவிட்டுச் சிரித்தான். அம்மாவுக்கு அது விளங்காது என்றான். காலில் நரம்பு சுருட்டிக்கொள்வது போல இங்கேயும் சுருட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல், அவளுக்கே காலில் இருக்கிறது, உடனே புரிந்துகொள்வாள் என்றேன். இரண்டு நாள் கழித்து அக்காவே தொலைபேசியில் அழைத்து, எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று கேட்டாள்.